பரிசீலனையில் ஒரு பாலம்

அந்தப் பதிலில் ஓர் ஓட்டை இருந்தது. ப்ரோனா டெவெனி அதைக் கவனித்தபோது அமைச்சர் கையெழுத்துப் போட்டாயிற்று, பதில் பேரவைக்குப் போயாயிற்று, கேள்வி கேட்ட உறுப்பினர் மிஸஸ் கில்பின் அதைப் படித்தும் முடித்தாயிற்று.

கேள்வி சின்னதுதான். கில்நாரா பாலம் எப்போது திறக்கப்படும்? டைரோன் மாவட்டத்தில் ஓர் ஆற்றின் மேல் நிற்கும் பழைய கல் பாலம் அது. இலையுதிர் காலத்து வெள்ளம் ஒரு தூணை அரித்துவிட, இரண்டு முனைகளிலும் சிவப்பு வெள்ளைத் தடுப்புகளை வைத்து அடைத்துவிட்டார்கள். ப்ரோனா எழுதிக் கொடுத்த பதில் இது: "இவ்விஷயம் இலாகாவின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது."

பரிசீலனை என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். 'தீவிர' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே புரியவில்லை. மறுநாளே மிஸஸ் கில்பினின் அடுத்த கேள்வி வந்து நின்றது. தீவிரமாகப் பரிசீலிப்பவர் யார்? எப்போது தொடங்கினார்?

அவளுடைய மேலதிகாரி ஐவர் க்ளெண்டினிங், மழைக்கோட்டைக் கழற்றாமலே அவள் மேஜைக்கு வந்தார். பெல்ஃபாஸ்டில் எல்லோருக்கும் வெளியே மட்டும்தான் மழை பெய்யும். ஐவருக்கு உள்ளேயும் பெய்துகொண்டிருந்தது.

"யாரு பரிசீலிக்கிறா, ப்ரோனா?"

"யாரும் இல்ல, ஐவர்."

"அது எனக்கும் தெரியும். யாரும் இல்லேங்கிறத எப்படி எழுதப் போறே, அதச் சொல்லு."

"பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. லண்டனிடம் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டி, எங்கள் சாலையை நாங்களே போட்டுக்கொள்கிறோம், எங்கள் பாலத்தை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று அதிகாரத்தைப் பிரித்து வாங்கிவந்து குன்றின் மேல் ஒரு பேரவையை உட்கார வைத்திருந்தார்கள். வந்த அதிகாரத்தில் பாதி கேள்வி கேட்பதில் செலவாயிற்று. மீதிப் பாதி அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதில். சாலையும் பாலமும் வெள்ளத்தின் பொறுப்பில் இருந்தன.

எதையும் சொல்லாத பதிலை அந்த அலுவலகத்தில் 'சுத்தமான பதில்' என்பார்கள். ப்ரோனாவின் பதில்கள் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவற்றைத்தான் மாதிரியாகக் கொடுத்தார்கள். அவள் எழுதிய பதில் எதுவும் இதற்கு முன் திரும்பி வந்ததில்லை. அது அவளுக்குப் பெருமைதான். பெருமைப்பட வேண்டிய விஷயமா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவும் பரிசீலனையில் இருந்தது.

கேள்வி வந்ததும் அவள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். சம்பந்தப்பட்ட மண்டல அலுவலகத்துக்கு வழக்கமான குறிப்பு ஒன்றைத் தட்டிவிட்டாள். முன்பு ஒரு தெருவில் விளக்கே இல்லை என்று ஓர் அமைச்சர் பதில் சொல்ல, பதில் பேரவைக்குப் போய்ச் சேருவதற்குள் சுறுசுறுப்பான ஊழியர் ஒருவர் அங்கே விளக்கைப் போட்டுத் தொலைத்தார். அமைச்சர் பொய்யர் ஆனார். அன்றிலிருந்து இந்தக் குறிப்பு. கேள்வி வந்திருக்கிறது, பதில் போகும்வரை நிலைமை இருந்தபடி இருக்கட்டும். அவள் அதைப் படித்துப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. விரல் தானாகப் போய் அழுத்தும்.

பிறகு பழைய பதில்களைத் துழாவினாள். துழாவியதில் ஒரு முத்து அகப்பட்டது. "கோரப்பட்ட வடிவத்தில் இத்தகவல் பராமரிக்கப்படவில்லை. அதைத் திரட்டுவதற்கு ஆகும் செலவு அதிகமாக இருக்கும்."

ஐவர் அதை இரண்டு தடவை படித்தார். முகத்தில் மழை கொஞ்சம் விட்டது.

"பிரமாதம். யார் பரிசீலிக்கிறான்னு கண்டுபிடிக்கவே காசு ஆகும்."

"ஆமா."

"இதுல ஓட்டை இல்லையே?"

"இல்ல."

ஓட்டை இருந்தது. அந்தச் செலவு எவ்வளவு என்று மிஸஸ் கில்பின் கேட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் ப்ரோனா அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா அட்ராக்டா கில்நாரா ஆற்றங்கரையில் டீக்கடை வைத்திருந்தாள். பாலம் திறந்திருந்தால் அதைத் தாண்டியதும் காரிலிருந்து இறங்கி நேரே கடைக்குள் போய்விடலாம். இப்போது மலையைச் சுற்றி, சதுப்பு நிலத்தைச் சுற்றி, டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வரவேண்டியிருந்தது. அந்த நீண்ட பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள். வேலை வேறு, வீடு வேறு. நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது. அதை அடைத்திருக்கிறார்கள்.

கடையில் யாரும் இல்லை. முன்பெல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கரைக் கோவில் கூட்டம் மொத்தமும் பாலம் தாண்டி வந்து, பன்றித் தொத்திறைச்சியும் முட்டையும் வாட்டிய உருளைக்கிழங்கு ரொட்டியுமாக வெட்டும். இப்போது வாத்துகள் மட்டும் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

"வாடி, இலாகா ராணி. பாலத்தை மடிச்சு கைப்பையில வெச்சு எடுத்துட்டு வந்திருக்கியா?"

"அக்கா, முதல்ல டீ குடு."

"டீக்கென்ன குறைச்சல்? அண்டா நிறைய இருக்கு. குடிக்கத்தான் ஆள் இல்ல." அட்ராக்டா கோப்பையை ணங்கென்று வைத்தாள். "ஜூன் கடைசியில சாவியக் குடுத்துடறேன்னு கட்டடத்துச் சொந்தக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

ப்ரோனாவின் கை கோப்பையின் மேல் அப்படியே நின்றது.

"ஜூனா?"

"பின்ன? வாத்துக்குச் சமைச்சுப் போட்டே குடும்பம் நடத்த முடியுமா?" அவள் கல்லாவுக்கு மேலே சுவரைக் காட்டினாள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. "பாரு. ஒவ்வொண்ணா ஒட்டிவெச்சிருக்கேன். தீவிரப் பரிசீலனையாம். தகவல் பராமரிக்கப்படவில்லையாம். படிச்சுப் படிச்சுச் சிரிக்கிறதுக்கு. ஏண்டி, உனக்குத் தெரிஞ்சிருக்குமே, இதையெல்லாம் எந்தப் பரதேசி உக்காந்து எழுதறான்?"

"அதுக்குன்னு... ஒரு பிரிவு இருக்கு."

"நீ எந்தப் பிரிவு?"

"பல வேலை பாக்கறோம் அக்கா."

அட்ராக்டா தங்கையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "சின்னப் பிள்ளையில நீ இப்படி இல்ல. கேட்டா பளிச்சுன்னு சொல்லுவே. இப்பல்லாம் உன்கிட்ட மணி கேக்கவே பயமாயிருக்கு."

அது உண்மைதான். போன வாரம் வீட்டில் கணவர், உனக்கு என் மேல் கோபமா என்று கேட்டார். அதை மறுக்கும் நிலையில் தற்போது இல்லை என்று சொன்னாள். அவர் மறுபடி கேட்கவில்லை. சொல்லாமல் இருக்கச் சொல்லாமல் இருக்க, சொல்வதற்கென்று உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. பழைய வீட்டில் பூட்டியே வைத்திருந்த அறை மாதிரி. திறந்து பார்த்தால் வெறும் அறையாக இருந்துவிடுமோ என்று பயம்.

ஜன்னல் வழியாகப் பாலம் தெரிந்தது. தூணைச் சுற்றிப் பச்சைப் படுதா கட்டியிருந்தது.

"அதுக்குள்ள வேலை ஏதாவது நடக்குதா?"

"யாருக்குத் தெரியும்? குளிர்காலத்துல கொஞ்ச நாள் சத்தம் கேட்டது. அப்புறம் அடங்கிப்போச்சு. இப்ப திங்கக்கிழமையானா அக்கரையில ஒரு வேன் வரும். ரெண்டு பேர் இறங்குவானுங்க. தடுப்பைப் பாப்பானுங்க. போனைப் பாப்பானுங்க. திரும்பிப் போயிடுவானுங்க. சம்பளம் வாங்கறதுக்கு இது ஒரு வழி."

"அப்படி எத்தனையோ பேர் இருக்காங்க அக்கா," என்றாள் ப்ரோனா.

*

செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு, அந்தச் செலவைக் கணக்கிடவே தனியாகச் செலவாகும் என்று பதில் போயிற்று. அப்படியானால் முந்தைய பதிலில் செலவு அதிகம் என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று மிஸஸ் கில்பின் கேட்டார். உறுப்பினர் தமது முந்தைய கேள்விக்கு அளிக்கப்பட்ட பதிலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ப்ரோனா எழுதினாள். முந்தைய பதிலைப் போய்ப் பார்த்தால் அது அதற்கு முந்தையதைப் பார்க்கச் சொன்னது. அதற்கு முந்தையது, விஷயம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னது. ஒவ்வொரு கேள்வி வந்ததும் அவள் விரல் மண்டல அலுவலகத்துக்கு அந்தக் குறிப்பைத் தட்டிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மேற்கு மண்டலத்திலிருந்து பொறியாளர் க்ளைவ் போன் பண்ணினார்.

"டெவெனி மேடம், கில்நாரா பாலம் விஷயமா உங்ககிட்ட ஒண்ணு..."

"சொல்லாதீங்க, க்ளைவ்."

"ஒரே ஒரு வரிதான்."

"அரை வரிகூட வேண்டாம். நீங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சுபோயிடும். தெரிஞ்சா அதை நான் எழுதணும். தெரியலேன்னாதான் தகவல் எங்க கைவசம் இல்லேன்னு மனசாட்சியோட எழுத முடியும்."

அந்தப் பக்கம் காகிதத்தை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப எப்பத்தான் மேடம் சொல்றது?"

"கேள்வி ஓயட்டும். அப்புறம் நானே கூப்பிடறேன்."

போனை வைத்தபோது அவளுக்குத் தன் மேல் ஒரு மெல்லிய மரியாதை வந்தது. ஒரு பெரிய விபத்தைத் தடுத்த ஓட்டுநர் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்காவின் வாத்துகள் ஒரு கணம் நினைவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

அடுத்த வாரம் பேரவைக் கட்டடத்தில் படி ஏறும்போது மிஸஸ் கில்பினே எதிரில் வந்தார். வயலட் நிறக் கோட்டு, கையில் பெரிய பை, முகத்தில் நல்ல திருப்தி.

"நீதானே கண்ணு அந்த இலாகாவுல எழுதறவ? கை கொஞ்சம் தேர்ந்த கைதான்."

"நான் வரைவு மட்டும்தான், மிஸஸ் கில்பின்."

"அடக்கமா பேசறே. எனக்கு உன் மேல ஒரு வருத்தமும் இல்ல. நான் கேக்கறேன், நீ சொல்ல மாட்டேங்கறே. ரெண்டு பேர் வீட்லயும் அடுப்பு எரியுது." பையிலிருந்து பளபளப்பான துண்டறிக்கை ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் அவர் படம். கீழே, பேரவையில் அதிகக் கேள்விகள் எழுப்பிய உறுப்பினர் என்று பெரிய எழுத்து. "இதுல பதில் எத்தனை வந்துதுன்னு ஒரு ஓட்டரும் கேக்கல, பாத்துக்கோ."

"பாலத்துக்குன்னு நேரா ஒரு தடவை அந்தப் பக்கம் போய் யாரையாவது கேட்டிருக்கலாமே?"

மிஸஸ் கில்பின் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "யாரையாவதுன்னா? யாரு?"

*

எல்லாவற்றையும் கெடுத்தது ஐவர்தான்.

கில்நாரா பாலத்தை அமைச்சர் எப்போதாவது நேரில் பார்த்ததுண்டா என்று ஒரு கேள்வி வந்தது. ப்ரோனா சுத்தமாக எழுதியிருந்தாள்: "அப்பகுதி மக்களின் உணர்வுகளை அமைச்சர் நன்கு அறிவார்." ஐவருக்கு அது சில்லிட்டுக் கிடப்பதாகப் பட்டது. கொஞ்சம் சூடு இருக்கட்டும் என்று அவளைக் கேட்காமலே மாற்றிவிட்டார்: "அமைச்சர் அப்பகுதிக்குத் தொடர்ந்து சென்று வருகிறார்."

கடைசியாகச் சென்றது எந்தத் தேதி, எந்த இடம், யாரைச் சந்தித்தார் என்று மிஸஸ் கில்பின் கேட்டார்.

"அவர் அந்தப் பக்கம் போயிருக்காரா?" என்றாள் ப்ரோனா.

"கோல்ஃப் ஆடப் போயிருக்கார்." ஐவரின் முகம் நனைந்து தொங்கியது. "நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான், ப்ரோனா. அமைச்சரைப் பொய்யராக்கிட்டுப் போனவன்னு பேர் வாங்கிட்டுப் போகணுமா?"

"நீங்கதானே மாத்தினீங்க?"

"அதான் சொல்றேன்ல, இப்ப என்ன பண்றதுன்னு நீ சொல்லு."

அவள் யோசித்தாள். பதிலை உண்மைக்கு ஏற்றபடி மாற்றுவது வழக்கத்தில் இல்லை. அதைவிட உண்மையைப் பதிலுக்கு ஏற்றபடி மாற்றிவிடலாம்.

"பதில் குடுக்கறதுக்குக் கெடு இருக்குல்ல? அதுக்குள்ள அவரை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போயிடலாம்."

ஐவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கை ஈரமாக இருந்தது.

"அங்க டீ குடிக்க ஏதாவது இடம் இருக்கா?" என்று கேட்டார் அவர்.

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள், அன்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"இருக்கு."

அமைச்சரின் நாட்குறிப்பில் ஒரே ஒரு நாள்தான் காலியாக இருந்தது. ஜூன் மாதக் கடைசித் திங்கட்கிழமை.

*

அன்று மழை. புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அமைச்சர் தடுப்புக்கு முன்னால் நின்றார். பூட்ஸிலிருந்து விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பாலத்தைக் கவலையோடு பார்ப்பது போல் ஒரு படம், ஆற்றைக் கவலையோடு பார்ப்பது போல் ஒரு படம். கொஞ்சம் தள்ளி மிஸஸ் கில்பின், தன் சொந்தப் புகைப்படக்காரருடன் வந்து, அமைச்சரைக் கவலையோடு பார்ப்பது போல் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ப்ரோனா கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஐவருக்குப் பின்னால் நின்றாள். கடை வாசலில் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. அட்ராக்டா தட்டில் டீயோடு வந்தாள். முதல் கோப்பையை அமைச்சரிடம் நீட்டினாள்.

"குடிங்க ஐயா. இந்தக் கடையோட கடைசி டீ. பாலம் எப்ப திறக்கும்?"

அமைச்சர் ஐவரைப் பார்த்தார். ஐவர் ப்ரோனாவைப் பார்த்தார். பார்வைகள் வந்த வழியே அட்ராக்டாவின் பார்வையும் வந்து தலைமூடிக்குள் நுழைந்தது.

"ஏண்டி, நீ எங்க இங்க?"

"வேலை விஷயமா அக்கா."

"அப்ப நீயே சொல்லு. பாலம் எப்ப திறக்கும்?"

ப்ரோனாவின் நாக்கில் வழக்கமான வாக்கியங்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி முண்டியடித்துக்கொண்டு வந்து நின்றன. அவள் அக்காவின் கையைப் பார்த்தாள். தட்டில் மீதி டீ ஆறிக்கொண்டிருந்தது. பூட்டியிருந்த அறைக்குள் ஏதோ ஒரு சாமான் நகர்ந்தது.

"தெரியாது அக்கா," என்றாள். "யாருக்கும் தெரியாது. யாரும் போய்ப் பாக்கவே இல்ல."

ஐவர் இருமினார். அமைச்சர் டீயில் எதையோ தேடினார். ப்ரோனாவுக்கு உடம்பு லேசாகிவிட்டது. இவ்வளவு சுலபமா இது? இத்தனை வருஷம் கழித்து ஒரு கேள்விக்கு ஒரு பதில். இன்றைக்கே க்ளைவைக் கூப்பிட வேண்டும். கடையின் சாவியைக் கொடுக்காதே, ஒரு வாரம் பொறு, எப்பாடுபட்டாவது இந்த வேலையை நான் முடிக்க வைக்கிறேன் என்று அக்காவிடம் சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் அக்கரையில் அந்த வேன் வந்தது. ஒருவர் இறங்கி, இக்கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்பின் ஒரு முனையை ஒதுக்கினார். மறுபடி ஏறினார். வேன் நேராகப் பாலத்தின் மேல் ஏறி வந்தது.

"நிறுத்து, நிறுத்து," என்று கத்தினார் ஐவர். அமைச்சர் மிஸஸ் கில்பினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பின்பக்கம் முழுக்க இரும்புச் சாமான் ஏற்றிய வேன், ஒரு கல்கூட அசையாமல், நிதானமாக இக்கரை வந்து தடுப்புக்கு அந்தப் புறம் நின்றது. மஞ்சள் சட்டை போட்ட வயதான தொழிலாளி ஒருவர் இறங்கி, கூட்டத்தை வேடிக்கை பார்த்தார்.

"என்ன விசேஷம்? யாராவது தண்ணியில விழுந்துட்டாங்களா?"

ப்ரோனா முன்னால் வந்தாள். தலைமூடியைப் பின்னால் தள்ளினாள். அக்காவுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"ஐயா, இந்தப் பாலம் எப்ப திறக்கும்?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளில் ஒருத்தராவது கேட்டார்களே என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"வேலை ஈஸ்டருக்கே முடிஞ்சுபோச்சும்மா. திங்கக்கிழமை தவறாம தடுப்பை எடுக்கத்தான் வர்றோம். வந்து இறங்கறதுக்குள்ள, ‘கேள்வி வந்திருக்கு, பதில் போறவரைக்கும் எதையும் தொடாதே’ன்னு பெல்ஃபாஸ்ட்லேர்ந்து எழுதி அனுப்பிடுது, டெவெனின்னு ஒரு மகராசி."